ஊர்ப்பெயர் இல்லாத கடிதம்

1943-ஆம் ஆண்டில் கோவை மாவட்டத்துச் சிற்றூருக்குப் படைமுகாமிலிருந்து கடிதம் வந்தால், அதில் எழுதியவன் தங்கியிருக்கும் ஊரின் பெயர் இராது; களத் தபால் நிலையத்தின் எண் மட்டுமே இருக்கும். கணவன் இருப்பது ஈராக்கின் மணலிலா, பர்மா எல்லையின் காட்டிலா என்பதை அறியாமலேயே மனைவி பதில் எழுதுவித்தாள்.

'எழுதுவித்தாள்' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். அன்று நம் நாட்டுப்புறப் பெண்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். வீரனின் நிலையும் பெரிதும் வேறன்று. இந்திய இராணுவம் அவனுக்குக் கற்பித்தது உரோமன் எழுத்தில் அமைந்த உருது. அதைக் கொண்டு மனைவிக்குத் தமிழில் ஒரு வரி எழுத இயலாது. ஆகவே எழுதித் தந்த தோழன், மறைவாய்ப் படித்த தணிக்கை அதிகாரி, வீட்டில் வாசித்துக் காட்டிய உறவினர் என மூவர் காதுகளைக் கடந்தே அவன் அன்பு அவளைச் சேர்ந்தது. மூவர் நடுவே ஒருவன் காதலை எப்படிப் பேசுவான்? எருமை கன்று ஈன்றதா, கிணற்றில் நீர் உண்டா என்றுதான் கேட்பான். கேட்கத் தெரிந்தவளுக்கு அது போதும்.

1920-களின் இறுதிக்குள் கலைக்கப்பட்ட மதராஸ் காலாட்படை, போரின் நெருக்கடியில் மீண்டும் எழுப்பப்பட்டது. தென்னாட்டார் போர்க்குணமற்றவர் என்ற ஆங்கிலேயரின் கொள்கை, ஆள் தேவைப்பட்டபோது காற்றில் பறந்தது. ஏறத்தாழ 2 இலட்சமாக இருந்த இந்தியப் படை 25 இலட்சமாகப் பெருகிற்று. கட்டாயச் சேர்ப்பு இல்லை. ஆனால் வறுமையும் ஒருவகைக் கட்டாயமே. 1942 ஆகஸ்டில் சூலூர் விமானத்தளக் கொட்டகைகளுக்குத் தீயிட்டதும் இதே மாவட்டந்தான்.

முகாமின் நாள் ஒரே சுழற்சி: அணிவகுப்பு, துப்பாக்கி துடைத்தல், பர்மா முனையில் மலேரியாவுக்கு எதிராக மேலதிகாரியின் கண்முன்னே விழுங்கிய மெபாக்ரின் மாத்திரை, பிறகு தபாலுக்குக் காத்திருத்தல். பீளமேட்டில் 'கருடா' என்ற பெயரில் இயங்கிய பிரித்தானியக் கடற்படையின் விமானப் பழுதுபார்ப்பு நிலையத்திலும், கடல் கடந்து வந்த இளைஞர்கள் அப்படியே காத்திருந்தனர்.

1942-இல் பர்மா வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. விலை ஏறிற்று. வீட்டார் உண்டார்களா என்ற கவலை முகாம்தோறும் பரவியதைத் தணிக்கை அறிக்கைகளே ஒப்புக்கொள்கின்றன. மாதம் பதினாறு, பதினெட்டு ரூபாய்ச் சம்பளத்தில் பிடித்து அனுப்பிய மணியார்டரே அவனது காதற்கடிதம் என்பேன்.

இந்திய வீரர்களின் மடல்களிலிருந்து தணிக்கையாளர் எடுத்த பகுதிகள், ஆங்கில மொழிபெயர்ப்பாக, இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. மூலச் சொற்கள் அங்கில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் தகரப்பெட்டி இருந்தால் ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய உறை ஏதேனும் கிடைத்தால் அதிலுள்ள களத் தபால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த எண் எந்நாளில் எங்கிருந்தது என்பதற்குத் தபால் வரலாற்று ஆர்வலர்கள் பட்டியல் தொகுத்திருக்கிறார்கள். பாட்டிக்குத் தெரியாத அந்த ஊரின் பெயரை இன்று நீங்கள் கண்டறியக்கூடும்.