நெஞ்சில் கோத்த நீரை இறக்கும் சிகிச்சை: ஒரு சரித்திர ஆராய்ச்சி

நுரையீரலைப் போர்த்திருக்கும் இரட்டைச் சவ்வின் இடையே ஆரோக்கிய காலத்தில் இருப்பது சில மில்லிலிட்டர் ஈரமே ஆயினும், நிமோனியா, க்ஷயம், இருதய பலவீனம் முதலிய காரணங்களால் அங்கே நீரோ சீழோ லிட்டர் கணக்கில் சேர்ந்துவிடுமாயின், நுரையீரல் விரிய இடமின்றி ஒடுங்க, நோயாளி மல்லாந்து படுக்கவும் மாட்டாமல் மூச்சுக்குத் தவிக்கிறார். விலா எலும்புகளின் நடுவே துவாரமிட்டு அந்நீரை வெளியேற்றலாம் என்னும் எண்ணம் ஏறத்தாழ 2,400 ஆண்டுப் பழமை உடையது. எனினும் அது நம்பிக்கையோடு செய்யத்தக்க சிகிச்சையாக உருப்பெற்றது 19ஆம் நூற்றாண்டில்தான். இந்த நெடிய தாமதத்துக்கு வைத்தியர்களின் துணிவின்மையைவிட, நீர் வெளியேறும் வழியாகவே காற்று உட்புகுவதைத் தடுக்கும் உபாயம் அறியப்படாமையே முதற்காரணம் என்பது என் துணிபு.

ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க வைத்திய நூல்களில் இச்சிகிச்சையின் விதிகள் வியக்கத்தக்க நுட்பத்தோடு கூறப்பட்டுள்ளன. நோயாளியை அசையாத ஆசனத்தில் அமர்த்தி, ஒருவர் அவர் கைகளைப் பற்றிக்கொள்ள, வைத்தியர் தோள்களைக் குலுக்கி, எந்தப் பக்கத்தில் சலசலப்பு எழுகிறதெனக் காதால் அறிந்து, அப்பக்கத்துத் தோலை முதலில் அறுத்து, பின்னர்க் கூரிய கத்தியின்மீது துணியைச் சுற்றி, கட்டைவிரல் நகத்தின் அளவு முனை மட்டும் வெளியே தெரியுமாறு விட்டு உள்ளே செலுத்த வேண்டும். ஆழத்துக்கு எல்லை வகுத்த அந்தத் துணிச்சுற்றில் அனுபவத்தின் முதிர்ச்சி புலப்படுகிறது. சீழை ஒரே தடவையில் வடித்துவிடாமல், நூல் கட்டிய துணித்திரியால் துவாரத்தை அடைத்து வைத்து, நாளுக்கு ஒருமுறை இறக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. காரணம் அறியாமலே கண்ட உண்மை அது என்று சொல்வது தகும். பின்வந்த பல நூற்றாண்டுகள் இதில் சேர்த்தவை சொற்பம்.

நீர் எங்கே நிற்கிறதென்று திட்டமாக அறியும் வழி பிறந்த பின்னரே குத்துவதற்கு அர்த்தம் உண்டாயிற்று. 1761இல் வியன்னாவில் லியோபோல்ட் அவுன்பிரக்கர் மார்பை விரலால் தட்டி ஓசையின் மந்தத்தைக் கொண்டு நீர்மட்டத்தை அறியலாமென வெளியிட்டார். அதை 1808இல் பாரிஸ் வைத்தியர் கோர்விசார் பிரெஞ்சில் பெயர்த்து விளக்கும்வரை உலகம் அதிகம் பொருட்படுத்தவில்லை. 1819இல் பிரெஞ்சு வைத்தியர் லாயெனக், மார்பின் ஒலிகளைக் கேட்டறிய உதவும் ஸ்டெதாஸ்கோப்பைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஆயினும் கண்டறிந்த நோயைத் தீர்க்கும் கருவி இன்னும் வரவில்லை. பாரிஸ் நகரின் தலைசிறந்த ரணசிகிச்சை நிபுணராக விளங்கிய டூப்யூத்திரன், 1835இல் தமக்கே நெஞ்சில் நீர் கோத்தபோது, கத்திக்கு உடன்பட மறுத்து இறந்தார் என்பர்.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸைச் சேர்ந்த மோரில் வைமன் 1850இல் செய்தது மேலுக்கு எளிய காரியமே: அகன்ற வெட்டுக்குப் பதிலாக மெல்லிய குழலூசி, அதன் வாயில் ஓர் உறிஞ்சு பம்பு. துவாரம் நுண்ணியதாதலின் காற்றுக்கு வழியில்லை. நீரோ பம்பின் இழுவைக்கு இணங்கி வந்தது. பாஸ்டன் வைத்தியர் ஹென்றி பௌடிச் அம்முறையைத் தம் நோயாளிகளிடத்து இடைவிடாது கையாண்டு, 1852 முதல் கட்டுரைகளின் வாயிலாக வைத்திய உலகை இணங்க வைத்தார். முறையைக் கண்டவர் வைமனே என்று அவர் ஒளிவின்றிக் கூறிய நேர்மையை இங்கே பாராட்டாமல் செல்ல இயலவில்லை. புகழ் பெரும்பாலும் பரப்பியவரையே சேர்ந்துவிடும் துறை இது.

தடித்த சீழுக்கு ஊசி போதாது; குழாயை நாட்கணக்கில் உள்ளே வைத்தாக வேண்டும். ஹாம்பர்க் நகரத்து வைத்தியர் கோத்ஹார்ட் பியூலாவ் 1875 முதல் கையாண்டு 1891இல் விரிவாக வெளியிட்ட முறையில், குழாயின் மறுமுனை தாழ வைத்த பாத்திரத்தின் திரவத்துள் அமிழ்ந்திருக்கும். சீழ் இறங்கும், ஆனால் நீரின் அடைப்பைத் தாண்டிக் காற்று ஏறாது.

இத்தனை தெளிவு பிறந்த பின்னரும், முதல் உலக யுத்தத்தின் இறுதியில் அமெரிக்க ராணுவ முகாம்களில் பழைய பிழை பேரழிவாகத் திரும்பிற்று. தட்டம்மையையும் இன்புளுயென்ஸாவையும் தொடர்ந்த நெஞ்சுச் சீழ் நோய்க்கு, வழக்கப்படி விலாவெலும்பை அறுத்து உடனே திறந்துவிட்டனர். முகாம்களில் சராசரியாக நூற்றுக்கு 30 பேர் மாண்டனர். இதை ஆராய அமைந்த குழுவில் பணியாற்றிய எவார்ட்ஸ் கிரஹாம், ரிச்சர்ட் பெல் ஆகியோர் 1918இல் நாய்களிடத்துச் செய்த சோதனைகளால் காரணத்தை நிறுவினர். நோயின் தொடக்கத்தில் சீழ் நீர்த்திருக்கும், சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டியிரா. அந்நிலையில் மார்பைத் திறந்தால், புகும் காற்றினால் ஒரு நுரையீரல் மட்டுமின்றி, இடையிலுள்ள மெல்லிய திரையும் நகர்ந்து மற்றதும் ஒடுங்குகிறது. ஆகவே முதலில் ஊசியால் இறக்குக, சவ்வு ஒட்டிச் சீழ் கெட்டிப்பட்ட பின்னரே திறக்குக என்றனர். அதைக் கைக்கொண்ட இடங்களில் மரணம் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிற்று. நோய் அதுவே, கிருமியும் அதுவே. கத்தி எடுத்த வேளை ஒன்றே மாறியது.

பெனிசிலின் வரவால் இவ்வகைச் சீழ் நோய் குறைந்தபின், நீரை இறக்குவதன் நோக்கம் பெரும்பாலும் அதன் தன்மையை அறிவதாயிற்று. 1972இல் ரிச்சர்ட் லைட்டும் அவருடைய சகாக்களும் வகுத்த அளவைப்படி, அந்நீரின் புரதம் இரத்தநீரின் புரதத்தில் பாதிக்கு மேற்பட்டிருத்தல் சவ்வே நோயுற்றிருப்பதைக் காட்டும் குறிகளுள் ஒன்று. இன்று ஒலியலைக் கருவியால் நீரைக் கண்ணாலேயே பார்த்து, மேல் விலாவின் அடியோரத்தில் ஓடும் இரத்தநாளமும் நரம்பும் ஊறுபடாதபடி, கீழ் விலாவின் மேல்விளிம்பை ஒட்டியே ஊசியைச் செலுத்துகின்றனர்.