திறக்காத சிப்பிகளின் ஏலம்

அரிப்புப் பக்கம் போனவர்கள் கடலோரத்தில் இடிந்து நிற்கும் டொரிக் மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். முத்துக்குளிப்பைக் கவனிக்க வரும்போது தங்குவதற்கென்று பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டியது. குளிப்புக் காலத்தில் அந்தக் கரையில் ஒரு வேடிக்கையான ஏலம் நடக்கும். அள்ளிவந்த சிப்பியில் குளித்தவர்களுக்கு ஒரு பங்கு. அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். திறந்து பார்க்க விடமாட்டார்கள். உள்ளே முத்து இருந்தால் வாங்கினவருக்கு யோகம், இல்லையென்றால் நாறின சிப்பிதான் மிச்சம்.

இன்றைய விண்வெளித் தொழிலில் ‘அக்சலரேட்டர்’ என்கிறார்களே, அதுவும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். இளம் கம்பனிகள் போட்டியிடும். தெரிவாகிற சிலவற்றுக்கு மூன்று மாதம் பயிற்சி, கொஞ்சம் காசு, முதலீட்டாளர்களின் அறிமுகம். பதிலுக்குக் கம்பனியில் ஒரு பங்கு. எதில் முத்து இருக்கிறதென்று தெரியாது, அதனால் பத்து வாங்கி வைப்பார்கள்.

இதற்கு முன்னோடி பரிசுப் போட்டிகள். 1996இல் அறிவித்த எக்ஸ் பரிசை 2004இல் ஸ்பேஸ்ஷிப்வன் வென்றது. பரிசு 1 கோடி டொலர். அதற்காக அணிகள் கொட்டின காசு அதைவிடப் பல மடங்கு. 2007இல் கூகுள் சந்திரப் பரிசு வந்தது, மொத்தம் 3 கோடி டொலர். பெங்களூரின் டீம்இண்டஸ் தரையிறங்கும் தொழில்நுட்பத்துக்காக 2015இல் 10 லட்சம் டொலர் வாங்கியது. ஆனால் 2018 மார்ச்சில் கெடு முடிந்தபோது ஒரு அணியும் சந்திரனுக்குப் போயிருக்கவில்லை.

அதற்கு அடுத்த வருசம், பிலானியில் படித்த இரண்டு பெடியள் தொடங்கிய பிக்செல் கம்பனி லொஸ் ஏஞ்சல்ஸில் டெக்ஸ்டார்ஸ் ஸ்டார்பர்ஸ்ட் அக்சலரேட்டருக்குள் நுழைந்தது. 2022இல் அவர்களின் செய்மதி பறந்துவிட்டது. சென்னையின் அக்னிகுல் 2017இல் ஐஐடி மெட்ராஸில் முளைத்தது. நான்கு தடவை தள்ளிப்போய், 2024 மே 30 அன்று முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த எஞ்சினோடு அதன் ரொக்கெட் சிறீஹரிகோட்டாவிலிருந்து எழும்பியது.

இவர்களை வளர்த்தது போட்டியா? போட்டி கைகொடுத்தது, உண்மைதான். ஆனால் சிப்பி ஏலத்தில் முளைப்பதில்லை, பாரில்தான் முளைக்கும். ஐஐடியின் எரிதல் ஆய்வுகூடம், இஸ்ரோவின் ஏவுதளம், 2020க்குப் பிறகு தனியாருக்குத் திறந்த சட்டக் கதவு, இவைதான் அந்தப் பார்.

புதிய பார் ஒன்று இதே மன்னார் வளைகுடாவின் மறுகரையிலேயே உருவாகிறது. குலசேகரன்பட்டினத்தில் 2024 பெப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நட்டார்கள். ஏன் அங்கே? சிறீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவம் நோக்கிப் போகும் ரொக்கெட் இலங்கைக்கு மேலால் பறக்காமல் வளைந்து போக வேண்டும். அதற்கு எரிபொருள் செலவு. சின்ன ரொக்கெட்டுக்கு அது கட்டாது. அவர்களின் வரைபடத்தில் எங்கட தீவு சுற்றிப் போக வேண்டிய ஒரு தடை.

எங்கட பக்கம்? 2019இல் பறந்த ராவணா-1, சுமார் ஒரு கிலோ எடையுள்ள சின்னச் செய்மதி, இலங்கைப் பொறியியலாளர்கள் செய்ததுதான். ஆனால் செய்த இடம் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கல்விநிலையம். முத்து எங்கடது, பார் அவர்களது.

1906இல் மன்னார் முத்துப்பார்களை அரசு ஒரு லண்டன் கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. 1907க்குப் பிறகு பாரில் சிப்பி இல்லை. முதல் இருந்தது, சந்தை இருந்தது, கம்பனி கலைந்துபோனது.

அதனால், ஸ்டார்ட்-அப் போட்டி என்று யாராவது பதாகை கட்டினால் கைதட்டுவோம், கூடவே ஒன்றைக் கேட்போம்: கிளிநொச்சி பொறியியல் பீடத்திலோ வவுனியாவிலோ எங்கட பிள்ளைகள் எஞ்சினை எரித்துப் பார்த்து, பிழைவிட்டு, திரும்ப எரித்துப் பார்க்க ஒரு சோதனை மேடை எப்போது வரும்? பார் இருந்தால் ஏலக்காரர் தானாகவே வருவார்.