திருமலைக்கு வந்த பந்தாட்ட வீரர்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியோர் எல்லோரும் தளபதிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். 1782இல் பிரித்தானியரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் முதல், இரண்டாம் உலகப் போரில் கீழைக் கடற்படையை நடத்திய அட்மிரல் ஜேம்ஸ் சொமர்வில் வரை அந்தப் பட்டியல் நீளும். 1944ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஏறத்தாழ ஆறு வாரங்கள் இத்துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு போரிட்ட ஓர் அமெரிக்கரின் பெயரை மட்டும் அந்தப் பட்டியலில் காண முடிவதில்லை. அவர் ஜோசப் கிளிஃப்டன். விமானியாகப் பெயர் பெறுவதற்கு முன்னரே அமெரிக்கப் பந்தாட்டத்தில் புகழ் ஈட்டியவர்.

அமெரிக்கப் பந்தாட்டம் தமிழ்ப் பத்திரிகைகளில் இடம் பெற்றதே இல்லை எனலாம். நான் செய்தி மேசையில் பணியாற்றிய காலத்தில் ஆண்டுதோறும் சனவரி மாத இறுதியில் 'சுப்பர் போல்' பற்றிய செய்தி தொலையச்சில் முழ நீளத்துக்கு வந்து விழும். அதைத் தமிழில் எழுதச் சொற்கள் இல்லாமையால் கூடையில் போடுவதே வழக்கம். ஈழத்தவராகிய நாம் 'உதைபந்தாட்டம்' என்று அழைப்பது வேறு ஆட்டம். அமெரிக்கருடைய ஆட்டத்தில் பந்து காலை விடக் கையிலேயே அதிகம் இருக்கும். முட்டை வடிவிலான அப்பந்தை ஒருவர் அணைத்துக்கொண்டு ஓடுவார். எதிரணியினர் அவரை வீழ்த்த முயல்வர். அவருடைய தோழர்கள் தம் உடலாலேயே வேலி அமைத்து வழி திறந்துவிடுவர்.

இன்று அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆட்கள் உண்டு. எறியப்படும் பந்தைப் பிடிப்பதற்கென ஒருவர். எதிரணி உதைத்தனுப்பும் பந்தை ஏந்தி வந்த திசைக்கே திரும்ப ஓடுவதற்கென இன்னொருவர். இந்தத் திரும்ப ஓடும் தொழிலையே முதன்மையாகச் செய்த டெவின் ஹெஸ்டர் 2024இல் அவர்களுடைய புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். அவ்வாறு தேர்வான முதல் ஆட்டக்காரர் அவரே. ஆனால் கிளிஃப்டன் ஆடிய காலத்தில் இத்தகைய தனித் தொழில்கள் இல்லை. வெளியே எடுக்கப்பட்ட ஆட்டக்காரர் உடனே உள்ளே வருவதற்கு விதி இடம் தரவில்லை. ஆகவே அதே பதினொருவரே தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும், பந்தை ஏந்தித் திரும்ப ஓடவும் வேண்டும்.

கென்ரக்கி மாநிலத்தின் படூக்கா என்ற ஆற்றங்கரை நகரம் கிளிஃப்டனின் ஊர். அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் 1930ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்தவர். அங்கே அவர் ஆடிய இடம் 'புல்பக்' எனப்படும் பின்வரிசை இடம். பந்தோடு எதிரணிச் சுவரை மோதி உடைப்பதும், பந்து வேறொருவர் கையில் இருக்கும்போது முன்னே பாய்ந்து அவருக்காக அடிபடுவதும் அந்த இடத்துக்குரிய கடமைகள். பார்வையாளர் பந்து வைத்திருப்பவரைப் பார்ப்பார்களே தவிர, முன்னே விழுந்தவரைப் பார்ப்பதில்லை. இன்னொரு துரதிர்ஷ்டமும் அவருக்கு வாய்த்தது. ஆண்டுக்கொருமுறை தரைப்படைக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் நடக்கும் பெரும் ஆட்டம், ஆட்டக்காரர் தகுதி பற்றிய தகராறால் 1928இலும் 1929இலும் நடைபெறவில்லை. அவருடைய மூத்த ஆண்டுகள் இரண்டும் அவையே.

பின்னர் விமானியானார். 'ஜம்பிங் ஜோ' என்ற பட்டப்பெயரோடு, சரடோகா என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் போர்விமானப் பிரிவுக்குத் தலைவரானார். 1943 நவம்பர் 5ஆம் நாள் யப்பானியரின் வலுவான தளமாகிய ரபோல் மீது 97 விமானங்கள் சென்றன. அவற்றுள் 52 போர்விமானங்கள். அவற்றை நடத்திச் சென்றவர் கிளிஃப்டன். யப்பானிய விமானங்கள் ஆசைகாட்டிப் பிரித்திழுக்க முயன்றபோதும் அவருடைய ஆட்கள் குண்டுவீச்சு விமானங்களை விட்டு விலகவில்லை. தாமே எதிரி விமானத்தை வீழ்த்திக் கணக்கை ஏற்றிக்கொள்ளத் துடிக்கும் போர்விமானிகளிடம் இந்த ஒழுங்கு எளிதில் வருவதன்று. பல கனரகக் குரூஸர்கள் சேதமடைந்தன. பத்து அமெரிக்க விமானங்கள் மாத்திரமே இழக்கப்பட்டன. புல்பக்கின் தொழிலை அவர் வானத்திலும் மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரடோகா திருமலைக்கு வந்தது 1944 மார்ச் 31ஆம் நாள். அப்போது கிளிஃப்டன் கப்பலின் விமானக் குழு முழுவதற்கும் தளபதி. துறைமுகம் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அடிவாங்கியிருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கியொன்றின் மீது விமானமொன்று வீழ்ந்து, தீ நாட்கணக்கில் எரிந்தது. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. நகரத்து மக்கள் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடினர். கீழைக் கடற்படையும் பெரும்பகுதி ஆபிரிக்கக் கரைக்கு விலகிச் சென்றது. அந்தத் தாக்குதலுக்குப் பதில் சொல்லும் வலிமை 1944 வரை அதற்கு இருக்கவில்லை.

இப்போது துறைமுகத்தில் ஆறு நாட்டுக் கப்பல்கள் கூடின. பிரித்தானியாவின் இலஸ்ரியஸ், குவீன் எலிசபெத், வாலியன்ற், ரினௌன், பிரான்சின் ரிஷலியூ, ஒல்லாந்தின் ட்ரொம்ப், நியூசிலாந்தின் காம்பியா, அவுஸ்திரேலிய நாசகாரிகள், இவற்றோடு சரடோகாவும் மூன்று அமெரிக்க நாசகாரிகளும். ஏப்ரல் நடுப்பகுதியில் இரண்டு நாட்கள் கடலில் கடும் பயிற்சி நடந்தது. பசிபிக்கில் கற்றதை அமெரிக்க விமானிகள் பிரித்தானிய விமானிகளுக்குச் சொல்லிக் கொடுத்தனர். ஏகாதிபத்தியத்தின் கடற்படை தன் பழைய குடியேற்ற நாட்டவரிடம் பாடம் கேட்ட இடம் நம்முடைய கொட்டியார விரிகுடாவுக்கு வெளியேயுள்ள கடல் என்பதை நினைக்க எனக்குச் சற்றே நகைப்பு வருகிறது.

ஏப்ரல் 16இல் புறப்பட்டார்கள். 19ஆம் நாள் அதிகாலை சுமாத்திராவின் வடமேற்கு முனைக்கு அப்பாலுள்ள சபாங் துறைமுகத்தின் மீது 83 விமானங்கள் பாய்ந்தன. யப்பானியர் எதிர்பார்த்திருக்கவில்லை. எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தன. நிலத்தில் நின்ற 24 விமானங்கள் அழிந்ததாகத் தாக்கியோர் கணக்கிட்டனர். நேச நாடுகளின் பக்கத்தில் இழப்பு ஒரேயொரு விமானம். சரடோகாவைச் சேர்ந்த கிளான் என்ற இளம் விமானியின் ஹெல்கற் சுடப்பட்டுக் கரைக்கு அருகே கடலில் விழுந்தது.

அந்த நாளின் மிகப் பெரிய செயல் இதற்குப் பின்புதான் நடந்தது. விழும் விமானிகளை மீட்பதற்காகவே ரக்ரீஷியன் என்ற பிரித்தானிய நீர்மூழ்கி அங்கே நிறுத்தப்பட்டிருந்தது. பகல் வெளிச்சத்தில், எதிரியின் பீரங்கிகள் எட்டும் தூரத்தில், அது மேலெழுந்து நீரில் கிடந்தவரை நோக்கிச் சென்றது. கரைப் பீரங்கிகள் சுட்டன. யப்பானியரின் போர்க்கலமொன்றும் அந்தப் பக்கம் திரும்பியது. சரடோகாவின் ஹெல்கற்றுகள் கப்பலுக்குத் திரும்பாமல் தாழப் பறந்து பீரங்கி மேடைகளையும் அந்தக் கலத்தையும் மாறி மாறித் தாக்கின. அந்த இடைவெளிக்குள் நீர்மூழ்கி கிளானைத் தூக்கியெடுத்து மூழ்கிச் சென்றது. பந்து யாரிடம் இருந்தது, அவருக்கு வழி திறந்தவர்கள் யார் என்று அமெரிக்கச் சிறுவன் எவனிடம் கேட்டாலும் சொல்லிவிடுவான்.

இதற்குப் பத்து மாதங்களுக்கு முன்னர் நிகழ்ந்த வேறொரு சம்பவத்தையும் இங்கே நினைக்க வேண்டும். அயோவாப் பல்கலைக்கழகத்தின் நைல் கினிக் 1939ஆம் ஆண்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்றவர். எதிரணி உதைத்த பந்தை ஏந்தித் திரும்ப ஓடுவதில் வல்லவர். தொழில்முறை ஆட்டத்தை விட்டுச் சட்டம் படிக்கப் போனார். பின்னர் கடற்படை விமானியானார். 1943 யூன் 2ஆம் நாள் வெனிசுவேலாவுக்கு அப்பால் பயிற்சியின்போது இயந்திர எண்ணெய் கசிந்து அவருடைய விமானம் கடலில் இறங்கியது. மீட்புப் படகு வந்தபோது எண்ணெய்ப் படலம் மட்டுமே மிதந்தது. வயது 24. அவர் பெயரில் ஒரு பெரிய விளையாட்டரங்கு இன்று அயோவாவில் உள்ளது. கடலில் விழுந்த ஒருவர் மீள்வதும் மீளாமற்போவதும் சில நிமிடங்களில் முடிவாகின்றன என்பதை அக்கால விமானிகள் அனைவரும் அறிந்திருந்தனர்.

சபாங் வெற்றியால் சரடோகாவின் பயணம் ஒத்திவைக்கப்பட்டது. மே 6ஆம் நாள் இலங்கையிலிருந்து மீண்டும் புறப்பட்டு, அவுஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவில் எரிபொருள் நிரப்பி, 17ஆம் நாள் யாவாவின் சுரபாயாவைத் தாக்கினார்கள். மறுநாள் பிரியும் வேளையில் சரடோகா கீழைக் கடற்படையின் வரிசைகளுக்கு நடுவே சென்றது. இரு பக்கத்துக் கப்பல்களிலும் மாலுமிகள் நின்று ஒருவரையொருவர் ஆரவாரித்து வழியனுப்பினர். அது திருமலைக்குத் திரும்பவில்லை. 1946 யூலையில் பிகினித் தீவில் நடந்த அணுகுண்டுச் சோதனையில் இலக்காக வைக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது.

கிளிஃப்டன் ரியர் அட்மிரல் வரை உயர்ந்தார். அமெரிக்கக் கடற்படையின் சிறந்த போர்விமானப் பிரிவுக்கு வழங்கப்படும் விருது அவர் பெயரைத் தாங்கியது. படூக்காவில் ஒரு வீதிக்கும் அவர் பெயர் உண்டு. திருமலையில் அந்த வசந்த காலத்துக்கு எந்தக் கல்வெட்டும் இல்லை. கப்பல்களுக்கு எரிபொருளும் நீரும் ஏற்றிய, கப்பற்பட்டறையில் இரவு பகலாகத் திருத்த வேலை செய்த நம்மவர்களின் பெயர்களோ எந்த ஆவணக் கட்டிலும் எனக்குத் தென்படவில்லை. 1957 ஒக்ரோபர் 15இல் பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் கையளித்தபோது தளபதிகளின் உரைகள் மட்டும் பத்திரிகைகளில் வந்தன.

நிலாவெளி வீதியில் உப்புவெளியைக் கடக்கும்போது போர்க்கால மயானம் வலப்பக்கமோ இடப்பக்கமோ என்று கேட்போருக்கு அவ்வூர்ச் சிறுவர்கள் கைகாட்டிவிடுவார்கள். அங்கே கடலில் மடிந்தவர்கள் பலர் துயில்கின்றனர். சபாங் கடலில் விழுந்த கிளான் அந்த வரிசையில் இல்லை.