கட்டுரையும் மதிப்பெண்ணும்

இறையனார் களவியலுக்குப் புலவர் பலர் உரை கண்டனர். அவற்றுள் மெய்யுரை எதுவெனத் துணிதற்கு, வாய் பேசாச் சிறுவனாகிய உருத்திரசன்மனை நடுவனாக இருத்தினர். நக்கீரர் தம் உரையை வாசித்தபோது அவன் கண்கள் நீர் சொரிந்தன, உடல் புல்லரித்தது. அதுவே தீர்ப்பாயிற்று. தமிழறிந்தார் யாவரும் அறிந்த இக்கதையை வரலாறென்று கொள்ளினும் புனைவென்று கொள்ளினும், அதனுள் ஒரு பெருவினா அடங்கியுள்ளது. எழுத்தின் தரத்தை அளக்கும் கோல் எது? அளப்பவன் சார்பின்றி நிற்பதற்கு வழி யாது? மாணவர் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர் ஒவ்வொருவரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா இது. இதற்கு உலகம் விடை தேடிய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

மறைத்த பெயரும் சிவந்த எழுத்தும்

கட்டுரை எழுதுவித்து ஆட்சிக்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறையைப் பன்னெடுங்காலம் போற்றிய நாடு சீனம். சோங் மரபினர் ஆண்ட காலத்தில் (960–1279) அங்கு இரு காப்புகள் நிலைபெற்றன. எழுதியவன் பெயரை ஒட்டி மறைத்தல் ஒன்று. கையெழுத்தைக் கொண்டும் ஆளை அறியக்கூடுமாதலின், விடைத்தாள் முழுவதையும் எழுத்தர் வேறு தாளிற் படியெடுத்து, அப்படியையே தேர்வாளரிடம் அளித்தல் மற்றொன்று. பிற்காலத்தில் மாணவன் எழுதியது கருமையிலும் படி செம்மையிலும் அமைந்தன. 1905-இல் அத்தேர்வு முறையே ஒழிந்தது. எனினும், விடைத்தாளில் பெயரின்றி எண் மட்டும் இடும் நம் வழக்கத்தின் உட்பொருளும் அதுவே.

பெயரை மறைத்தல் ஓரவஞ்சனையைத் தடுக்கும். ஆனால், ஓரவஞ்சனை சிறிதுமற்ற இருவர் ஒரே கட்டுரைக்கு வெவ்வேறு மதிப்பெண் அளித்தால் என் செய்வது? இச்சிக்கலைச் சீன அறிஞர் தீர்த்தாரில்லை.

எண்கள் உரைத்த உண்மை

இதனைக் கணித நோக்கில் முதன்முதல் ஆராய்ந்தோருள் ஒருவர் எட்ஜ்வொர்த் என்னும் பொருளியல் அறிஞர். தேர்வுகளின் புள்ளியியல் பற்றி அவர் 1888-இல் எழுதினார். மதிப்பெண் என்பது பிழைக்கு இடமுள்ள ஓர் அளவீடே என்பது அவர் கண்ட முடிபு.

அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் 1912-இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரிய உலகைத் திடுக்கிடச் செய்தது. மாணவர் எழுதிய இரு ஆங்கில விடைத்தாள்களைப் படியெடுத்துப் பள்ளிகள் பலவற்றுக்கு விடுத்தனர். திருத்தியோர் 142 ஆசிரியர். நூற்றுக்கு 64 முதல் 98 வரை ஒரு தாள் பெற்றது. மற்றொன்று 50 முதல் 97 வரை பெற்றது. மொழிப்பாடமாதலின் இவ்வாறாயிற்று என்று சிலர் அமைதி கூறினர். மறு ஆண்டே அவ்விருவரும் வடிவக்கணித விடைத்தாள் ஒன்றை அவ்வாறே விடுத்தனர். அது பெற்ற மதிப்பெண்கள் 28 முதல் 95 வரை பரந்து கிடந்தன!

ஆர்ட்டாக் செய்த ஆய்வு

நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடைய ஒருவர் இவ்வரலாற்றில் சிறப்பிடம் பெறுகின்றார். பிலிப் ஆர்ட்டாக் என்னும் அவர் டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர்; இந்தியக் கல்வி நிலை குறித்து 1929-இல் அறிக்கை அளித்த குழுவின் தலைவர். அவரும் ரோட்ஸ் என்பவரும் 1935-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வை வெளியிட்டனர்.

முன்னரே ஒரே மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களைத் தேர்ந்தெடுத்து, தேர்ச்சி மிக்க 15 தேர்வாளரிடம் தந்தனர். மதிப்பெண்கள் 21 முதல் 70 வரை சிதறின. ஓராண்டுக்கு மேல் கழிந்தபின் அவருள் 14 பேரிடம் அதே தாள்களை மீண்டும் அளித்தனர். இவ்வாறு கிடைத்த 210 தீர்ப்புகளுள் 92 மாறிவிட்டன. முதல் முறை தேறியவன் மறுமுறை தேறவில்லை; தேறாதவன் தேறினான். பிறரோடு மாறுபட்டது ஒருபுறமிருக்க, தேர்வாளர் தம்மோடு தாமே மாறுபட்டனர் என்பது ஈண்டு ஊன்றிக் கருதத்தக்கது. அத்தாள் ஒவ்வொன்றின் பின்னும் ஓர் இளைஞனின் வாழ்வு நின்றது என்பதை நினைக்குங்கால் நெஞ்சம் நடுங்குகின்றது.

மாறுபாட்டின் வேர்

இம்மாறுபாடு கவனக்குறைவால் மட்டும் விளைந்ததன்று. டீடரிக் என்பாரும் அவர்தம் துணைவரும் 1961-இல் இதன் வேரைக் காட்டினர். கல்லூரி முதலாண்டு மாணவர் 300 பேரின் கட்டுரைகளை ஆசிரியர், எழுத்தாளர், வழக்குரைஞர், வணிகர் எனப் பலதுறையினர் 53 பேர் ஒன்பது தரங்களாகப் பகுத்தனர். 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் பெற்றன! தீர்ப்புகளை நுணுகி ஆராய்ந்தபோது, படிப்போர் ஐவகையினர் என்பது புலனாயிற்று. ஒரு சாரார் கருத்தையே பெரிதெனக் கொண்டனர். ஒரு சாரார் அமைப்பை நோக்கினர். ஏனையோர் இலக்கணத் தூய்மை, சொல்லாட்சி, நடைநலம் என்பவற்றுள் ஒவ்வொன்றைப் போற்றினர். யாரும் தவறிழைத்தாரல்லர், அளந்த பொருளே வேறாயிற்று.

நோய்முதல் தெரிந்தமையின் மருந்தும் தெரிந்தது. எவ்வெவற்றுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை முன்னரே வகுத்தல், மாதிரித் தாள்களைக் கூடித் திருத்தி ஒத்த நோக்குப் பெறுதல், ஒரு தாளை இருவர் தனித்தனியே திருத்துதல் ஆகியன அவை. எலிஸ் பேஜ் என்பவர் 1966-இல் கணிப்பொறியைக் கொண்டு திருத்தவும் வழி கண்டார். கட்டுரையின் நீளத்தையும் சொற்களின் அளவையும் பொறி எண்ணியது. அதன் தீர்ப்பு மாந்தர் தீர்ப்போடு பெரிதும் ஒத்தது. பொறி சோர்வறியாது, இன்று ஒன்றும் நாளை ஒன்றும் கூறாது. ஆயின், தான் படித்தது மெய்யா பொய்யா என்பதை அப்பொறி அறிந்ததில்லை.

முடிவுரை

மதிப்பெண் தேர்வுக்கு வேண்டப்படுவது. எழுதப் பயிலும் மாணவனுக்கு வேண்டப்படுவதோ ஓரத்திற் குறிக்கப்படும் ஒரு சொல். “இவ்விடத்தில் உன் கருத்து விளங்கவில்லை” என்று ஆசிரியர் எழுதும் ஒரு வரி, 62 என்னும் எண்ணினும் அவனுக்கு மிகுதியாகக் கற்பிக்கும். எண் ஆளுக்கு ஆள் மாறலாம். விளங்காத இடத்தைச் சுட்டிய உதவி மாறுவதில்லை.

உருத்திரசன்மன் மதிப்பெண் இட்டானல்லன். நல்லுரை எவ்விடத்து உள்ளத்தைத் தொட்டது என்பதைப் புலவர் அவைக்குக் காட்டினான். சிவப்பு மையைக் கையிலெடுக்கும் ஆசிரியப் பெருமக்கள் அச்சிறுவனையும், ஆர்ட்டாக் கண்ட 92 தீர்ப்புகளையும் ஒருங்கே நினைவிற் கொள்வாராயின், மாணவர்க்கு நீதியும் கிட்டும், எழுத்தும் வளரும்.