பேராயர் அப்சலோனும் டேனியக் கப்பல்களும்: கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஒரு வரலாற்றுச் சிந்தனை

சில ஆண்டுகளுக்கு முன் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் நாம் திருப்பணி ஆற்றிய காலத்தில், கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு இறங்கிவந்த முதியவர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். “உங்கள் சாமி எங்கள் ஊருக்கு வந்தால், எங்கள் சாமியை என்ன செய்வீர்கள் ஐயா?” அவர் சினத்தோடு கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டார். நாம் அன்று ஏதோ ஒரு விடை சொன்னோம். ஆனால் அது நமக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் இறையியல் மாணவர் ஒருவர், “டேனியக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஒரு பேராயரின் பெயர் இருக்கிறதாமே, அது எப்படி?” என்று வினவினார். இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வாளேந்திய பேராயர்

அக்கப்பலின் பெயர் ‘அப்சலோன்’. அது டேனியக் கடற்படையைச் சேர்ந்தது. அதன் உடன்பிறப்பான மற்றொரு கப்பலுக்கு அப்சலோனின் உடன்பிறந்தவரான எஸ்பெர்ன் ஸ்நாரே என்பவரின் பெயர் இடப்பட்டது. 2008ஆம் ஆண்டில் ‘அப்சலோன்’ ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையரை ஒடுக்கும் பணியில் ஈடுபட்டது. கப்பலுக்குப் பெயர் தந்த பேராயரும் தம் நாளில் கடற்கொள்ளையரை எதிர்த்தவரே.

அப்சலோன் ஏறத்தாழ 1128இல் சேலாந்துத் தீவில் உயர்குடியில் பிறந்தார். அவருடைய பெயர் தாவீதின் மகன் அப்சலோமின் பெயரே. பின்னாளில் டென்மார்க்கின் அரசரான முதலாம் வால்டெமார் அவருடைய இல்லத்தில் உடன்வளர்ந்தவர். பாரிசில் இறையியல் கற்றுத் திரும்பிய அப்சலோன், 1158இல் ரொஸ்கில்டேயின் பேராயரானார். பின்னர் லுண்டின் தலைமைப் பேராயராகவும் உயர்ந்தார். அரசர் அளித்த கடற்கரைச் சிற்றூரில் அவர் கட்டிய கோட்டையைச் சுற்றியே கோபன்ஹேகன் நகரம் வளர்ந்தது. சாக்ஸோ கிரமாத்திக்கஸ் டேனியரின் வரலாற்றை இலத்தீனில் எழுதியதும் அவருடைய தூண்டுதலால்தான்.

அந்நாட்களில் பால்டிக் கடலின் தென்கரையில் வாழ்ந்த வெந்தியர் என்னும் சிலாவிய மக்கள் டேனியக் கரைகளைக் கொள்ளையிட்டு, மக்களை அடிமைகளாகப் பிடித்துச் சென்றனர். தம் மந்தை சூறையாடப்படுவதைக் கண்ட மேய்ப்பர், கோலை வைத்துவிட்டு வாளை எடுத்தார். இதனை மறந்து அவரைத் தீர்ப்பிடுவது நேர்மையாகாது.

எனினும், 1168இல் நிகழ்ந்ததை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அரசரும் பேராயரும் கப்பற்படையோடு ரூகன் தீவுக்குச் சென்று, ஆர்க்கோனா என்னும் கோட்டையை முற்றுகையிட்டனர். அங்கே சுவந்தவித் என்னும் நான்கு தலைகளையுடைய தெய்வத்தின் பெரிய மரத்திருவுருவம் இருந்தது. கோட்டை பணிந்தபோது விதிக்கப்பட்ட நிபந்தனைகளைச் சாக்ஸோ பட்டியலிடுகிறார். கோயிற்செல்வத்தை ஒப்படைக்க வேண்டும். சிறைப்பட்ட கிறிஸ்தவரை விடுவிக்க வேண்டும். கிறிஸ்தவ நெறியை ஏற்க வேண்டும். கோயில் நிலங்களைக் குருமாருக்குக் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் திறை செலுத்த வேண்டும். அரசர் அழைக்கும்போது போருக்கு வர வேண்டும். பின்னர் திருவுருவம் கோடரியால் வெட்டி வீழ்த்தப்பட்டு, கயிறு கட்டி இழுத்துச் செல்லப்பட்டது. அன்று மாலை அதன் துண்டுகள் படைவீரரின் சமையல் அடுப்புக்கு விறகாயின. சூழ்ந்து நின்ற மக்களுள் சிலர் அழுதனர், சிலர் நகைத்தனர் என்றும் சாக்ஸோ எழுதுகிறார்.

இப்பட்டியலில் திருமுழுக்கும் திறையும் அருகருகே நிற்கின்றன. சிறைப்பட்டோர் விடுதலை என்னும் நற்செய்திக்குரிய செயலும் அதே பட்டியலில்தான் உள்ளது. ஒரே கை விடுவிக்கிறது. அதே கை அடிமைப்படுத்துகிறது. கிறிஸ்து அம்மக்களிடம் வென்றவரின் அரசராக வந்தாரே தவிர, அவர்களுடைய மீட்பராக வந்தார் என்று சொல்லக்கூடுமோ?

2. தரங்கம்பாடிக்கு வந்த கப்பல்கள்

நான்கரை நூற்றாண்டுகள் கழிந்தன. டென்மார்க் சீர்திருத்தத் திருச்சபையின் நாடாயிற்று. 1618இல் ஓவே கெத்தே என்னும் தலைவரின்கீழ் டேனியக் கப்பல்கள் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டன. 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை ஏற்பட்டு, தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. இக்கப்பல்கள் நாடி வந்தது மிளகை. மனிதரின் ஆன்மாவை அன்று. கோட்டையிலிருந்த டேனியருக்குக் குருமார் இருந்தனர். ஆயினும் தமிழருக்கு நற்செய்தி சொல்ல ஒருவரை அனுப்புவதற்கு எண்பத்தாறு ஆண்டுகள் சென்றன.

1706 ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். இருவரும் ஜெர்மானியர், டேனிய அரசர் நான்காம் பிரெடரிக்கால் அனுப்பப்பட்டவர். அரசரின் ஆணையோடு வந்தவருக்குக் கோட்டை துணைநின்றதா? இல்லை. ஓர் ஏழை விதவையின் வழக்கில் சீகன்பால்க் தலையிட்டதையொட்டி எழுந்த பூசலில், 1708இல் ஆளுநர் ஹாசியுஸ் அவரைச் சிறையிலடைத்தார். நான்கு மாதங்கள் அவர் டான்ஸ்போர்க் கோட்டைக்குள் கைதியாயிருந்தார். அப்சலோன் கோட்டையைக் கட்டிய பேராயர். சீகன்பால்க் கோட்டைக்குள் அடைக்கப்பட்ட போதகர். இருவரின் பின்னும் நின்றது ஒரே நாடுதான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால், சீகன்பால்கும் தொடக்கத்தில் ஆர்க்கோனாவின் வழியில் ஓரடி வைத்தவரே. ஒருமுறை வழியிலிருந்த கோயிலொன்றின் மண்ணுருவங்கள் சிலவற்றைத் தாமே தள்ளி உடைத்ததை அவர் தம் கடிதத்தில் எழுதியுள்ளார். அவ்வூர் ஆசிரியர் ஒருவர் வந்து, இவை தெய்வங்களல்ல, தெய்வத்தின் காவல் வீரர்களே என்று விளக்கினார். உடைத்தவருக்குத் தாம் எதை உடைத்தோம் என்பதே தெரிந்திருக்கவில்லை. அதே சீகன்பால்க் பின்னர்த் தமிழ்ச் சுவடிகளைத் தொகுத்தார். மக்களிடம் வினவிக் கற்றார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதி முடித்தார். அதனை அச்சிட ஹாலேயிலிருந்தோர் விரும்பவில்லை. 1867இல்தான் அது சென்னையில் வெளிவந்தது. கோடரியிலிருந்து எழுத்தாணிக்கு அவர் கடந்து வந்த தூரமே தமிழ் நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபைக்கு அடித்தளம் என்று சொல்லலாம்.

1845இல் டென்மார்க் தரங்கம்பாடியைச் செராம்பூரோடு சேர்த்து ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு விற்றது. கொடி இறங்கியது, 1733இல் குருவாக அருட்பொழிவு பெற்ற ஆரோனின் வழிவந்த சபை நிலைத்தது.

3. கோட்டையின்றி வந்தோர்

டேனியர் மீண்டும் தமிழ் நாட்டுக்கு வந்தபோது கோட்டையோ கொடியோ இன்றி வந்தனர். 1821இல் நிறுவப்பட்ட டேனிய மிஷனெரி சங்கம், 1860களில் தென்னார்க்காட்டில் பணி தொடங்கியது. அதன் முன்னோடியான கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதிவேற்றுமைக்கு இடங்கொடுத்தலை எதிர்த்து லைப்சிக் மிஷனைவிட்டு விலகியவர். மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் பணித்தளத்தை அமைத்தவர். ஆற்காடு லுத்தரன் திருச்சபை இவ்வேரில் முளைத்ததே. திருக்கோவிலூர் மருத்துவமனையும் திருவண்ணாமலைப் பள்ளியும் இப்பணியின் கனிகள். இச்சங்கத்தின் ஊழியராக 1889இல் வந்த எல். பி. லார்சன், பின்னர் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வராகவும் தமிழ்த் திருமறைத் திருத்தத்தில் உழைத்தவராகவும் நமக்கு அறிமுகமானவர்.

இவர்களும் ஆங்கில ஆட்சியின் நிழலில்தான் வாழ்ந்தனர் என்பதை மறைக்கலாகாது. அந்நிழலை உணர்ந்து விலகியவரும் அவர்களுள் இருந்தனர். 1917இல் டேனிய ஊழியர் அன்னா மரியா பீட்டர்சனும் எஸ்தர் ஃபேரிங்கும் காந்தியடிகளின் ஆசிரமத்துக்குச் சென்றனர். பீட்டர்சன் பின்னர் சங்கத்தைவிட்டு விலகி, பரங்கிப்பேட்டையில் சேவா மந்திரை நிறுவினார். 1921இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகளே.

4. மலையை நோக்கி

இப்போது முதியவரின் கேள்விக்குத் திரும்புவோம். கல்வராயன் மலைவாழ் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்று மரபு கூறுவர். கரியராமரை வழிபடுவர். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகை அம்மலையில் நிலவியது; 1976ஆம் ஆண்டிலேயே அது முற்றிலும் நீங்கியது. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்தே விடுதலை கண்ட மக்கள் அவர்கள். வரி கேட்டு வருபவனை அவர்கள் நன்கறிவர். கீழிருந்து ஏறி வருபவர் எதைக் கொடுக்க வருகிறார், எதை எடுக்க வருகிறார் என்று வினவ அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

நம்மிடம் வாளில்லை, கப்பலில்லை. ஆயினும் கல்வி, பணம், அலுவலகத் தொடர்பு, சமவெளிச் சாதியின் செருக்கு ஆகியவை இன்றும் வாளாகக்கூடும். பள்ளியிடத்தையோ மருந்தையோ நம்பிக்கைக்கு நிபந்தனையாக்கினால், 1168இன் பட்டியலை நாம் புதிதாக எழுதியவராவோம். கெத்செமனேயில் பேதுரு உருவிய பட்டயத்தை ஆண்டவர் உறையிலிடச் சொன்னது எதிரியின் பொருட்டு மட்டுமன்று, பேதுருவின் பொருட்டுமாகும். அன்றே அவர் வெட்டுண்ட காதைத் தொட்டுக் குணமாக்கினார். கேட்கும் காதை வெட்டிவிட்டு நற்செய்தியை யாருக்குச் சொல்வது?

அப்சலோனிடமிருந்து மந்தையைக் காக்கும் துணிவைக் கற்போம், கோடரியை விட்டுவிடுவோம். சீகன்பால்கிடமிருந்து, உடைத்தபின் உட்கார்ந்து கேட்கும் தாழ்மையைக் கற்போம். ஓக்ஸிடமிருந்து, முதலில் நம் சபைக்குள்ளிருக்கும் சாதி என்னும் சிலையைத் தகர்க்கக் கற்போம்.

அம்முதியவரை நாம் மீண்டும் சந்திக்கவில்லை. சந்தித்தால் இவ்வாறு சொல்வோம்: “ஐயா, உங்கள் சாமியை நாங்கள் ஒன்றும் செய்யமாட்டோம். எங்கள் ஆண்டவர் எங்களுக்குச் செய்ததை உங்களுக்குச் சொல்வோம். நீங்கள் சொல்வதையும் கேட்போம். அதற்குமேல் நடப்பது உங்களுக்கும் அவருக்கும் இடையே உள்ளது.” வெள்ளிமலைச் சாலையில் ஏறப்போகும் இளம் ஊழியர்கள் இதனை நெஞ்சிற்கொள்வார்களாக.