தூக்கிக்கொண்டு போன தோள்கள்

மே மாதத்து விடியற்காலை. பாண்டியன் எக்ஸ்பிரஸ் கொடை ரோடு ஸ்டேஷனில் வந்து நிற்கிறது. தூக்கக் கலக்கத்தில் பெட்டியும் குழந்தையுமாக ஒரு குடும்பம் இறங்குகிறது. அப்பா கையில் ஸ்வெட்டர், அம்மா கையில் பிளாஸ்க். இந்தக் குடும்பத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏன், அது நீங்களாகவே இருந்திருக்கலாம்!

இறங்கிப் பார்த்தால் குளிராவது ஒன்றாவது? ஒரே புழுக்கம். பேரில்தான் கொடை இருக்கிறது. கொடைக்கானல் இன்னும் 80 கிலோமீட்டர் தள்ளி, வானத்துப் பக்கம் இருக்கிறது. இந்த ஊரின் சொந்தப் பெயர் அம்மையநாயக்கனூர். திராட்சைக் கொடியும் மல்லிகைச் செடியும் வெயிலில் காயும் திண்டுக்கல் சமவெளி.

மேலே போனதும் என்ன செய்வீர்கள்? ஏரியில் படகு, கரையைச் சுற்றி சைக்கிள், குழந்தைகளுக்குக் குதிரை, கோக்கர்ஸ் வாக்கில் ஒரு நடை, பிரையண்ட் பூங்காவில் ஒரு போட்டோ. மூன்று நாள் டூர் ஓவர். ஆனால் முதன்முதலில் இந்தக் கீழ்நாட்டிலிருந்து அங்கே வீடு கட்டப் போனவர்கள் ஜாலிக்காகப் போகவில்லை. உயிருக்குப் பயந்து போனார்கள்.

1834-ல் அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள். சீக்கிரமே திண்டுக்கல்லிலும் அவர்கள் வேலை தொடங்கியது. வெயிலைப் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொள்ளலாம். காலராவையும் காய்ச்சலையும் என்ன செய்வது? நேற்று பேசிக்கொண்டிருந்தவர் இன்றைக்கு இல்லை. கணவனைப் புதைத்த மனைவி, குழந்தையைப் புதைத்த தாய் என்று கல்லறைகள் கூடிக்கொண்டே போயின.

எங்கேயாவது உயரத்துக்கு ஓடினால் பிழைக்கலாம் என்று நினைத்தார்கள். திண்டுக்கல்லில் மலைக்கோட்டை மேல் நின்று பாருங்கள், பக்கத்திலேயே நீளமாகப் படுத்திருக்கும் சிறுமலை. 'இதோ இருக்கிறதே மலை!' என்று முதலில் அங்கேதான் ஏறினார்கள். காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொடுக்கிறது என்று அப்போது உலகமே நம்பிக்கொண்டிருந்தது. மலேரியாவைப் பரப்புவது கொசு என்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897-ல்தான். சிறுமலையின் உயரம் கொசுவுக்கு ஒரு பொருட்டே இல்லை!

அப்புறம்தான் கண் பழனி மலைமேல் போனது. பளியர்கள் காலம் காலமாக வாழ்ந்த மலை அது. 1821-லேயே லெப்டினன்ட் வார்டு என்ற வெள்ளைக்கார அதிகாரி அங்கே ஏறி அளந்துவிட்டு வந்திருந்தார். சுமார் 7,000 அடி. அங்கே 1845-ல் மிஷனரிகள் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். காய்ச்சல் தொலைந்தது. இன்றைய கொடைக்கானலின் ஆரம்பம் அந்த இரண்டு வீடுகள்தான்.

பின்னாலேயே வந்தார்கள் துரைமார்கள். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், ஓடைக்குக் குறுக்கே கரை எழுப்பி 1863-ல் ஏரியை உண்டாக்கினார். ஆமாம், நீங்கள் மிதி படகில் சுற்றுகிற அந்த நட்சத்திர ஏரி கடவுள் வெட்டியது இல்லை! 1872-ல் கோக்கர் தன் பெயரில் நடைபாதை போட்டார். 1890-ல் படகு கிளப். 1908-ல் பிரையண்ட் பூங்கா. பயந்து ஓடிப் போன இடம், கொஞ்சம் கொஞ்சமாகப் பொழுதுபோக்குகிற இடமாகிவிட்டது.

எல்லாம் சரி. இவர்கள் மேலே போனது எப்படி?

1875-ல் மதுரைக்கு ரயில் வந்துவிட்டது. அம்மையநாயக்கனூரில் இறங்கிக்கொள்ளலாம். அதற்கப்புறம் மாட்டு வண்டி. ராத்திரி முழுக்கக் கடகடவென்று உருண்டு, பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்குப் போய்ச் சேரவேண்டும். அதோடு வண்டிப் பாதை முடிந்தது. இனி சுமார் 12 மைல், செங்குத்து ஏற்றம். திடகாத்திரமான ஆள் நடக்கலாம், குதிரை ஏறலாம். மற்றவர்கள்?

டோலி! மூங்கிலில் நாற்காலியைக் கட்டி, அதில் துரையையோ துரைசானியையோ உட்காரவைத்து, ஆட்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிப் போனார்கள். மனுஷர்கள் மட்டுமா? கட்டில், அலமாரி, கண்ணாடிச் சாமான் எல்லாமே இப்படித்தான் போனது. மேலே குளிர். தூக்கிப் போகிறவன் உடம்பிலோ வேர்வை. கீழே கொண்டுவந்து விட்டுவிட்டு, அடுத்த துரைக்காகத் தோப்பில் காத்திருக்கவேண்டும்.

வத்தலக்குண்டு வழியாக வண்டிச் சாலை போட 1870-களிலேயே மேஜர் லா என்பவர் வேலை தொடங்கினார். பணமில்லாமல் பாதியில் நின்றது. அது முடிந்து மோட்டார் வண்டிகள் மேலே ஏற, முதல் உலகப் போர்க் காலம் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அதுவரை, எழுபது வருஷம், கொடைக்கானல் என்ற ஊரே சமவெளிக்காரர்களின் தோளில்தான் ஏறிக்கொண்டிருந்தது.

இப்போது பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். நடந்தவருக்கு கோக்கர்ஸ் வாக். பூங்கா போட்டவருக்கு பிரையண்ட் பார்க். சாலை போட்டவருக்கு லாஸ் காட் ரோடு. தூக்கிப் போனவர்களுக்கு? அவர்கள் ஏறிய அந்தப் பழைய பாதைக்கு வெள்ளைக்காரர்கள் ஒரு பெயர் வைத்தார்கள். 'கூலி காட்.' முருகனோ, மாடசாமியோ... ஒரு மனுஷன் பெயரும் அதில் இல்லை. வாங்கிய கூலிதான் பெயர்!

துரைமார்கள் போய்விட்டார்கள். சமவெளியில் பொசுங்கிய நாமெல்லாம் இப்போது ஏறுகிறோம். நல்லதுதான். 1985-ல் திண்டுக்கல் தனி மாவட்டமானதிலிருந்து கொடைக்கானலும் அதில்தான் இருக்கிறது. வண்டிகள் தாங்காமல் மலை திணற, 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வாங்கித்தான் ஏறவேண்டும் என்று கோர்ட்டே சொல்லவேண்டி வந்துவிட்டது. ஆனால் உங்கள் பெட்டியைத் தூக்குகிறவர், குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறவர், ராத்திரி ரூமுக்கு வெந்நீர் கொண்டுவருகிறவர்... தோள்கள் மாறியிருக்கலாம், சுமை இருந்துகொண்டேதான் இருக்கிறது.

அடுத்த தடவை குதிரைச் சவாரி முடிந்து இறங்கும்போது, காசை நீட்டுகிறீர்கள் அல்லவா? கூடவே, 'உங்க பேர் என்னண்ணே?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்களேன்.