அரக்குத் தட்டும் ஆய்வுச் சான்றும்: இந்தியக் கிராமபோன் இசைத்தட்டுகளைத் திரட்டலும் காலம் கணித்தலும்

முன்னுரை

கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, நாணயம் ஆகியவை இந்திய வரலாற்றிற்கு முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியைப் பொறுத்தவரை, இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு சான்றும் உண்டு. நிமிடத்திற்கு 78 சுற்று என்னும் அளவில் சுழலும் அரக்கு இசைத்தட்டே அது. இத்தட்டுகளைத் திரட்டுதல் பழம்பொருள் விரும்பிகளின் பொழுதுபோக்கு என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. தட்டில் அடங்கிய பாடலைக் கேட்டுவிட்டால் அதன் பயன் முடிந்தது என்னும் எண்ணமும் பரவலாக இருந்தது. இவ்விரு கருத்துகளும் மறுபரிசீலனைக்கு உரியவை. தட்டில் ஒலி மட்டுமன்றி எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றையும் சேர்த்துப் படித்தாலன்றி அவ்வொலி வரலாற்றுச் சான்றாகாது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

அரக்கும் தட்டும்

ஒலியைத் தட்டையான வட்டில் பதியும் முறையை எமில் பெர்லினர் 1887இல் உருவாக்கினார். தொடக்கத்தில் கடினமாக்கப்பட்ட இரப்பரால் தட்டுகள் செய்யப்பட்டன. 1890களின் பிற்பகுதியில் அரக்குக் கலவை அதன் இடத்தைப் பெற்றது. அரக்கு, குசும், பலாசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சியின் சுரப்பிலிருந்து கிடைப்பது. சோட்டா நாகபுரியும் அதனைச் சூழ்ந்த காட்டுப் பகுதிகளும் இதன் விளைநிலங்களாகும். அங்குத் திரட்டப்பெற்ற அரக்கு கல்கத்தாத் துறைமுகம் வழியே உலகெங்கும் சென்றது. இராஞ்சிக்கு அருகே 1924இல் அரக்கு ஆராய்ச்சிக்கெனத் தனி நிறுவனமே தோன்றியது.

தட்டு முழுவதும் அரக்கன்று. கற்பொடி, கரிப்பொடி, பஞ்சிழை முதலியன மிகுதியாகவும், அவற்றைப் பிணைக்கும் பொருளாக அரக்கு அளவாகவும் சேர்க்கப்பட்டன. இக்கலவையை வெப்பமூட்டி, உலோக அச்சில் வைத்து அழுத்தித் தட்டு வார்க்கப்பட்டது. இந்திய அரக்கு ஐரோப்பாவிற்குச் சென்று, இந்தியக் குரலைத் தாங்கிய தட்டாக இந்தியாவிற்கே திரும்பி வந்த காலமும் உண்டு. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் கிராமபோன் கம்பெனி தொழிற்சாலை நிறுவிய பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது.

முதற்பதிவுகள் பற்றிய வழக்கும் உண்மையும்

கிராமபோன் கம்பெனி 1901இல் கல்கத்தாவில் தன் கிளையைத் தொடங்கியது. மறு ஆண்டின் இறுதியில் பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் தம் குழுவினருடன் அங்கு வந்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பதிவுகளைச் செய்தார். அவை ஜெர்மனியின் ஹனோவர் நகரில் வார்க்கப்பட்டு 1903இல் இந்தியச் சந்தைக்கு வந்தன.

இந்தியாவில் முதன்முதலாகத் தட்டில் பாடியவர் கௌஹர் ஜான் என்பது பலரும் வழங்கிவரும் செய்தியாகும். அவர் அப்பயணத்தின்போது பதிவு செய்யப்பட்ட கலைஞருள் தலைசிறந்தவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், 1902 நவம்பர் 8ஆம் நாள் தொடங்கிய பதிவுகளில் கல்கத்தாவின் கிளாசிக் நாடக அரங்கைச் சார்ந்த சசிமுகி, பணிபாலா என்னும் இளம்பெண்கள் அவருக்கு முன்னரே பாடினர். அதற்கும் முன்னதாக, 1899இல் இலண்டனில் இந்தியர் சிலரின் குரல் பதிவு செய்யப்பட்டிருந்தது. கம்பெனியின் பழைய ஏடுகளையும் கிடைத்த தட்டுகளின் எண்களையும் ஒப்பிட்டு, 1899 முதல் 1908 வரையிலான இந்தியப் பதிவுகளை வரிசைப்படுத்தி மைக்கேல் கின்னியர் 1994இல் நூலாக வெளியிட்டார். முதன்மை பற்றிய வழக்கு இவ்வாறு திருத்தம் பெற்றது பாடலைக் கேட்டதனால் அன்று; எண்ணைப் படித்ததனாலேயே என்பது கருதத்தக்கது.

கௌஹர் ஜான் தம் பாடலின் இறுதியில் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பது பற்றியும் ஒரு விளக்கம் கூறப்படுகிறது. தட்டு எவருடையது என்பதை ஹனோவர் தொழிலாளர் அறிந்து பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்காகவே அவ்வாறு செய்தார் என்பர். இவ்விளக்கம் பொருத்தமுடையதே. எனினும் பாடலையும் பாடுவோரையும் குரலால் அறிவிக்கும் வழக்கம் ஐரோப்பிய, அமெரிக்கப் பதிவுகளிலும் அக்காலத்தில் இருந்தது. ஆதலின், தொழிற்சாலைத் தேவை ஒன்றையே காரணமாகக் கொள்வதற்கில்லை. அலகாபாத் ஜானகி பாயும் தம் ஊரைச் சேர்த்துப் பெயர் கூறினார். எழுத்தில் இடம்பெறாத கலைஞர் தம் பெயரைத் தம் குரலாலேயே நிலைநிறுத்திய செயலாகவும் அதனைக் காண இடமுண்டு.

எண்களைப் படித்தல்

கல்வெட்டில் ஆட்சியாண்டு இருப்பதுபோல இசைத்தட்டில் ஆண்டு பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. அதன் காலத்தை இருவகை எண்களைக் கொண்டே கணிக்க வேண்டும்.

முதலாவது, பட்டியல் எண். இது நடுவிலுள்ள பெயர்ச்சீட்டில் அச்சிடப்படுவது, விற்பனைக்காக அமைந்தது. கிராமபோன் கம்பெனியின் தொடக்கக்கால இந்தியத் தட்டுகளில் ஆண் குரலுக்கு 12,000 எனத் தொடங்கும் வரிசையும், பெண் குரலுக்கு 13,000 எனத் தொடங்கும் வரிசையும் ஒதுக்கப்பட்டன. ஒரு வரிசை நிரம்பியபின் அதன் முன்னே 2, 3 என எண் சேர்த்து வரிசை நீட்டிக்கப்பட்டது. பெயர்ச்சீட்டு சிதைந்து, பாடியவர் பெயர் படிக்க இயலாத நிலையிலும் எண்ணின் ஒரு பகுதி எஞ்சினால் அத்தட்டு எவ்வகையைச் சார்ந்தது என அறிய இயலும்.

இரண்டாவது, மூலப்பதிவு எண். இது ஒலிப்பதிவின்போதே வரிசையாக வழங்கப்பட்டு, மூல அச்சில் பொறிக்கப்பட்டுத் தட்டின் உள்வட்டத்தில் சிறு எழுத்தாகக் காணப்படும். இதனோடு சேர்ந்த எழுத்துக்குறி, பதிவு செய்தவர் யார் என்பதையும் தட்டின் அளவையும் சுட்டும்.

பட்டியல் எண் வெளியீட்டையும் மூலப்பதிவு எண் பதிவையும் காட்டுகின்றன. இவ்வேறுபாட்டை உணராமையால் பிழைகள் பல நேர்கின்றன. ஒரே பதிவு பல ஆண்டுகளுக்குப் பின் வேறு பெயர்ச்சீட்டுடனும் வேறு பட்டியல் எண்ணுடனும் மறுவெளியீடு பெறுவதுண்டு. பெயர்ச்சீட்டை மட்டும் நம்புவோர் அதனைப் பிற்காலப் பதிவு எனக் கொள்வர். மாறாக, ஒரே பட்டியல் எண்ணில் இருவேறு முறை பாடிய பதிவுகள் வெளிவந்ததும் உண்டு. அவற்றை ஒன்றெனக் கொண்டால், பாடல் பாடப்பட்ட முறையில் உள்ள மாறுபாடு மறைந்துபோகும். சுவடிப் பதிப்பில் பாடபேதம் எத்தகையதோ அத்தகையதே இசைத்தட்டில் இம்மாறுபாடு.

வணிகக் குறியும் இவ்வகையில் துணை நிற்கிறது. எழுதும் தேவதை பொறித்த தட்டு, நாய் பொறித்த தட்டுக்கு முற்பட்டது. 1925இல் மின்வழி ஒலிப்பதிவு அறிமுகமான பின்னர் ஒலியின் இயல்பே மாறியது. கல்கத்தாவின் ஹிந்துஸ்தான், பம்பாயின் யங் இந்தியா ஆகியவை 1930களில் தோன்றியவை. சென்னையில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் முதலானோர் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் அதே காலத்தில் ஓடியன் தட்டுகளைத் தமிழகத்தில் பரப்பியது. ஏ.வி.எம். என்னும் திரைப்பட நிறுவனத்தின் வேர் இசைத்தட்டு வணிகத்தில் உள்ளது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

தட்டு காத்த பெயர்கள்

முதல் இருபது ஆண்டுத் தட்டுகளில் பெண் கலைஞர்க்குப் பெரும்பங்கு உண்டு. வடக்கே தவாயிப் மரபினரும், தெற்கே தேவதாசி மரபினரும் இப்புதிய கருவியின்முன் தயங்காது பாடினர். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி முதலியோர் இவ்வகையினர். ஊரும் பெயருமாக அமைந்த இக்குறிப்பைத் தவிர, இவர்களுட் பலருக்கு வாழ்க்கை வரலாறு என ஏதும் எழுதப்படவில்லை. இம்மரபினரின் ஆடல் பாடலுக்கு எதிரான இயக்கம் வலுப்பெற்று, அவர்கள் அரங்கை இழந்தபோது அவர்களைப் பற்றிய நினைவும் குறைந்தது. தட்டு மட்டுமே எஞ்சியது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரீஸ் டெலாஜ் 1912இல் இந்தியாவிற்கு வந்தார். அவர் இயற்றிய ராகமாலிகா என்னும் படைப்பு கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டைத் தழுவியது. லாகூர் என்னும் படைப்பு சிதார்க் கலைஞர் இம்தாத் கானின் தட்டைத் தழுவியது. இசை வரலாற்றறிஞர் ஜான் பாஸ்லர் இவ்விரண்டையும் ஒப்பிட்டு விளக்கியுள்ளார். தாயியின் தட்டு கிடைத்திராவிடின், ஐரோப்பிய இசைப் படைப்பு ஒன்றின் மூலம் தமிழகக் கலைஞர் ஒருவரின் குரல் என்பதை நிறுவுதல் அரிதாகியிருக்கும்.

சுழற்சியும் சுருதியும்

தட்டின் ஒலியைச் சான்றாகக் கொள்வதிலும் எச்சரிக்கை தேவை. 78 சுற்று என்னும் அளவு பிற்காலத்தில் நிலைபெற்றது. தொடக்கக்காலத் தட்டுகள் அதனினும் குறைந்தோ மிகுந்தோ சுழலுமாறு பதிவு செய்யப்பட்டன. வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடினால் சுருதி அரைச்சுரம் உயரும். ஆகவே, 74 சுற்றில் பதிவான தட்டை 78 சுற்றில் இயக்கினால் குரல் ஏறத்தாழ அரைச்சுரம் உயர்ந்தும் காலம் விரைந்தும் ஒலிக்கும். இவ்வாறு கேட்டுவிட்டு, அக்காலப் பாடகர் மிக உயர்ந்த சுருதியில் பாடினர் என முடிவு கூறுதல் பிழையாகும். ஒரே அமர்வில் பதிவான தட்டுகள் பெரும்பாலும் ஒரே வேகத்தில் அமைந்திருக்கும். எனவே, அடுத்தடுத்த மூலப்பதிவு எண் உடையவற்றை ஒருங்கு வைத்துக் கேட்டால் சரியான வேகத்தை நெருங்கலாம். இங்கும் எண்ணே வழிகாட்டுகிறது.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே இயங்கும். அரங்கில் ஒரு மணிநேரம் விரியும் இராகம் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. எனவே தட்டு அரங்கின் நகல் அன்று. தட்டுக்கென்றே சுருக்கியமைத்த வடிவம் என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

மொழியாய்வுக்குத் துணையான தட்டுகள்

இசையன்றிப் பேச்சும் அரக்குத் தட்டில் பதிவாகியுள்ளது. ஜார்ஜ் கிரியர்சன் தலைமையில் நிகழ்ந்த இந்திய மொழிகளின் அளவாய்வு 1903 முதல் 1928 வரை தொகுதிகளாக வெளிவந்தது. எழுத்தில் காட்டவியலாத ஒலிப்பு முறையைக் காக்கும் பொருட்டு, 1913 முதல் 1929 வரையிலான காலத்தில் பல மாகாணங்களில் கிராமபோன் பதிவுகள் செய்யப்பட்டன. ஏறத்தாழ நூறு மொழிகளும் கிளைமொழிகளும் இவற்றில் இடம்பெற்றன. விவிலியத்தின் ஊதாரி மகன் கதை பலவற்றிலும் பொதுப் பகுதியாக அமைந்தமையால், மொழிகளை ஒப்பிடுதல் எளிதாகிறது.

அளவாய்வின் கள எல்லைக்குள் சென்னை மாகாணம் சேர்க்கப்படவில்லை. ஆனால் தட்டுப் பதிவுகள் சென்னை மாகாண மொழிகளுக்கும் செய்யப்பட்டன. அவற்றின் பாடங்கள் 1927இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தால் அச்சிடப்பட்டன. தொகுதிகள் விட்ட இடத்தைத் தட்டுகள் ஒருவாறு நிரப்புகின்றன எனலாம். பாடமும் மொழிக் குறிப்பும் உடன் அச்சிடப்பட்டமையால், வணிகத் தட்டினும் இவை ஆய்வாளர்க்கு எளிதிற் பயன்படுகின்றன. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் எண்ணிம நூலகம் வழியாக இவற்றை இன்று கேட்க இயலும்.

திரட்டுவோர் பணி

இந்தியாவில் 78 சுற்றுத் தட்டுகளின் உற்பத்தி 1960களிலும் தொடர்ந்தது. பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்களும் இங்கு இவ்வடிவில் வெளிவந்தன. நீண்டநேரத் தட்டும் ஒலிநாடாவும் பரவியபின் அரக்குத் தட்டுகள் பழைய பொருட்கடைகளைச் சேர்ந்தன. அவற்றை மீட்டவர்கள் பெரும்பாலும் தனிமனிதர்களே. 1990இல் பம்பாயில் தோன்றிய இந்திய இசைத்தட்டுத் திரட்டுவோர் சங்கம், தன் இதழின் வாயிலாகப் பட்டியல்களையும் நிறுவன வரலாறுகளையும் வெளியிட்டது. யங் இந்தியா தட்டுகளை எண்ணிம வடிவில் காக்கும் பணி பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் நிறைவேறியது. தமிழகத்தில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இசைத்தட்டுகளையும் பேணி வருகிறது. தட்டுடன் வெளிவந்த பாட்டுப் புத்தகமும் விலைப்பட்டியலும் தட்டிற்கு இணையான சான்றுகளாதலின், நூலகத்தில் இவை ஒருங்கே இருத்தல் பெரும்பயன் தரும்.

அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும், வெப்பத்தில் வளையும். சாராயம் கலந்த நீர்மத்தால் துடைத்தால் அரக்குக் கரையும். நீண்டநேரத் தட்டிற்குரிய ஊசி இதன் அகன்ற வரிப்பள்ளத்தில் பொருந்தாது. இவை பேணும் முறை பற்றியன. இவற்றினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தட்டின் ஒலியை மட்டும் நகலெடுத்து, எண்ணையும் பெயர்ச்சீட்டையும் குறியாது விடும் வழக்கமே அது. அவ்வாறு பரவும் ஒலிக்கு ஊரும் ஆண்டும் இல்லை. மூலத்தட்டு உடைந்தபின் அதனை மீட்க வழியுமில்லை.

முடிவுரை

அரக்கு இசைத்தட்டு, இசைக்கும் மொழிக்கும் சமூக வரலாற்றுக்கும் பொதுவான சான்றாகும். அதன் ஒலியும் எண்ணும் எழுத்தும் பிரிக்கவியலாதவை. தனியார் கைகளில் உள்ள தமிழ்த் தட்டுகளின் பட்டியல் எண், மூலப்பதிவு எண், பெயர்ச்சீட்டுச் செய்தி ஆகியவற்றைத் தொகுத்து ஓர் அடைவு உருவாக்குதல் உடனடித் தேவையாகும். தட்டைப் பெறுவதற்கு உரிமையாளர் இசையாவிடினும், அதன் எண்களைப் படியெடுக்க இசைதல் கூடும். கல்வெட்டுப் படியெடுப்பு எவ்வாறு வரலாற்றாய்வுக்கு அடித்தளமாயிற்றோ, அவ்வாறே இவ்வடைவும் ஒலிவழி வரலாற்றிற்கு அடித்தளமாகும்.